எட்டுத் தோள் தேர்

பள்ளிப்பட்டுக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய மலைகளில் திருட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் மானை மான் என்று சொல்வதில்லை. வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள், அவளைக் கட்டியவர் திருத்தணி மலைமேல் உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் விழக்கூடாது என்று ஒரு காரணம் சொல்வார்கள். டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருக்கும் வனக்காவலர் காதில் விழக்கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டில் எது பெரிய பயம் என்று நான் கேட்டதில்லை.

அதனால் கோயில் சாமான்களின் பெயரை வைத்திருந்தார்கள். ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடக்கூடிய மான் காவடி. சவுக்குக் கொம்பில் கட்டி இரண்டு பேரோ நான்கு பேரோ தூக்க வேண்டியது பல்லக்கு. நன்றாக வயதேறிய ஆண் கடமான் ஒன்று எப்போதாவது கண்ணில் படும். முதுகே என் தோளுக்கு மேலே இருக்கும், கழுத்து மயிர் கறுத்துத் தொங்கும். அது தேர். தேருக்கு எட்டுத் தோள். "நாளைக்குத் தேர் கிளம்புது" என்று பஸ்ஸில் சத்தமாகவே பேசுவார்கள். ஒருமுறை முன் சீட்டுக்காரர் திரும்பி, எந்த ஊர்க் கோயில் என்று விசாரித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நகரிப் பக்கத்து ஆட்கள் அதே மிருகத்தைப் பெத்தாயன என்பார்கள். தெலுங்கில் பெரியவர் என்று மரியாதை. சென்னையிலிருந்து பைக்கில் வருகிறவர்கள் ஜேசிபி என்பார்கள். கொம்பு எத்தனை கிளை, எத்தனை முழம் என்று கேட்பதும் அவர்கள்தான். எங்கள் ஆட்களுக்குக் கொம்பு ஒரு கணக்கே இல்லை. எத்தனை தோள் பிடிக்கும், அவ்வளவுதான் அளவு.

அந்த அளவைக் கறாராகச் சொல்ல வேண்டும். மலையேறுகிற ஒவ்வொருவனும் மாட்டிக்கொள்ளக்கூடிய ஒருவன். காவடிக்கு நான்கு பேரை வரவழைத்தால் மூன்று பேர் சும்மாவே ஜெயில் வாசல்வரை போய்த் திரும்புகிறார்கள். பல்லக்குக்கு ஒரே ஆள் வந்தால் பாதியை நரிக்கு விட்டுவிட்டு வர வேண்டும். மேலே இருப்பவன் சொல்லும் ஒற்றை வார்த்தையை நம்பித்தான் கீழே இருப்பவர்கள் சூளையிலிருந்தும் தறியிலிருந்தும் எழுந்து வருவார்கள். அதில் பொய் சொன்னவனை யாரும் பிறகு கூப்பிட மாட்டார்கள்.

என் அக்காவின் வீட்டுக்காரர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், அந்த வார்த்தையில் தவறியதே இல்லை. அவர் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறவர். தறி நிற்கும் வாரங்களில் மலைக்குப் போவார். குளம்புத் தடத்தின் முன் குந்தி மூன்று விரலைச் சேர்த்து வைப்பார், பிறகு நான்கு, பிறகு உள்ளங்கை. சேற்றில் புரண்ட மிருகம் மரத்தில் உடம்பை உரசிவிட்டுப் போயிருந்தால், அந்தச் சேறு எந்த உயரத்தில் காய்ந்திருக்கிறது என்று மரத்தோடு மார்பை ஒட்டி நின்று பார்ப்பார். ஒரு பீடி எரிந்து முடியும்வரை பேசமாட்டார். பிறகு ஒரு வார்த்தை சொல்வார். சொன்ன அளவுக்கு எத்தனை தோளோ, சரியாக அத்தனைதான் பிடிக்கும்.

நான் ஏழாம் வகுப்புப் பாதியில் பள்ளியைவிட்டு ஓடியவன். திருப்பதியில் மூட்டை தூக்கினேன், கோயம்பேட்டில் லோடு இறக்கினேன், ஓசூர்ப் பக்கம் கோழிப் பண்ணையில் இருந்தேன். ஓரிடத்தில் ஆறு மாதம் தாண்டினால் கால் அரிக்கும். போக இடமில்லாதபோது திருத்தணியில் ரயிலைவிட்டு இறங்கி, பள்ளிப்பட்டு பஸ் ஏறி, அக்கா வீட்டில் போய் நிற்பேன். அக்கா கேள்வி கேட்காமல் தட்டு வைப்பாள். பாவா மட்டும், "எத்தினி நாளு மச்சான் இந்த வாட்டி?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

அவரோடு மலைக்குப் போக ஆரம்பித்த முதல் கோடையில் நான் ஒரு தவறு செய்தேன். ஒரு மேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது உண்ணிச் செடிகளுக்கு மேலே கொம்பும் கழுத்தும் தெரிந்தன. அந்த உயரத்தைப் பார்த்துப் பதறிப்போய், பாவாவைக் கேட்காமலே போனில் தேர் என்று சொல்லிவிட்டேன். எட்டு பேர் வந்தார்கள். அந்த மிருகம் ஒரு பெரிய புற்றின்மேல் முன்னங்காலை வைத்து நின்றிருந்தது. இறங்கி நின்றதும் சாதாரணப் பல்லக்கு. ஆறு பேர் வெறும் தோளோடு இறங்கினார்கள். அன்றிலிருந்து எனக்குத் தேர்க்காரன் என்று பெயர். டீக்கடைக்குள் நுழைந்தாலே, "வழி வுடுங்கப்பா, தேர்க்காரன் வரான்" என்பார்கள். என் வாயிலிருந்து எந்த அளவு வந்தாலும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். ஒருமுறை பாறையிலிருந்து விழுந்த ஒருவனை நான்கு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே விழுந்தான், எதற்குப் போனான் என்று விசாரணை நீண்டு, ஐந்து பேர்மேலும் கேஸ் விழுந்தது. பாவாவும் அந்த ஐவரில் ஒருவர். வெளியே வந்த பிறகு எல்லோரும் கூடிப் பேசினார்கள். இனி மலையில் அடிபட்டவனை அவன் வீட்டு ஆள்தான் இறக்க வேண்டும். மற்றவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாது. போனில் அழைத்தாலும் எடுக்கக்கூடாது. அந்தப் பேச்சைத் தொடங்கியவர், சூளையில் வேலை செய்யும் மூத்தவர். எல்லோரும் அவரை நைனா என்போம். முதலில் தலையாட்டியவர் பாவா.

பாவாவுக்கு வீட்டு ஆள் என்று இருந்தவன் நான் ஒருவன்தான்.

அன்று வெயில் காலம். விடிந்த பிறகு நாங்கள் இருவரும் ஓடைப் பக்கம் வைத்திருந்த கம்பிக் கண்ணிகளைப் பார்க்கப் போனோம். ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம். கடைசிக் கண்ணியில் ஒரு இளம் ஆண் கடமான் பின்னங்கால் சிக்கிக் கிடந்தது. நாக்கு வெளியே தள்ளி, கண் சொருகி, செத்தது மாதிரிதான் இருந்தது. பாவா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "பல்லக்கு. ரெண்டாளு. நம்ம ரெண்டு பேரே போதும்" என்றார். அளவு சரிதான். ஆனால் அது சாகவில்லை. அவர் கிட்டே போய்க் குனிந்தபோது தலையை ஒரே சுழற்றாகச் சுழற்றியது. கொம்பு அவருடைய வலது தொடையில் ஏறி முழங்காலுக்கு மேலே கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த உதறலில் கம்பி அறுந்தது. மிருகம் மூன்று காலில் ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

அவர் கத்தவில்லை. "அடடா" என்றார், தறியில் இழை அறுந்தால் சொல்வது மாதிரி. பிறகு உட்கார்ந்தார். ரத்தம் பீறிடவில்லை, ஆனால் நிற்காமல் வந்தது. என் லுங்கியைக் கிழித்து இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினேன். கட்டிய துணி கொஞ்ச நேரத்தில் கனத்துப்போனது. எங்களிடம் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது, அதுவும் பாதி.

"பாவா, கீழ போயி நைனாவ இட்டுகினு வரேன்."

"வர மாட்டாரு. வரவும் கூடாது. அந்தப் பேச்சுக்கு மொதல்ல தலையாட்டனவன் நானு."

"அப்ப நூத்தியெட்டுக்கு அடிக்கிறேன். ரோட்டாண்ட வண்டி வரட்டும்."

"அடிச்சிப் பாரு. நீ அந்தாண்ட போனதும் கட்ட அவுத்து வுட்டுடுவேன். இன்னோரு கேஸு தாங்காது மச்சான். உள்ள போனா எப்ப வருவேன்னு தெரியாது. ரெண்டு பொண்ணு வெச்சிகினுகிறேன்."

சும்மா மிரட்டவில்லை. சொன்னால் செய்கிறவர்.

நானே அவரை முதுகில் ஏற்றினேன். மூட்டை தூக்கிய முதுகுதான். ஆனால் மூட்டைக்கு வலிக்காது. ஓடையில் உருண்டைக் கற்கள். பத்தடி போனேன், பதினைந்தடி போனேன், கால் புரண்டு இரண்டு பேரும் விழுந்தோம். அப்போதுதான் அவர் முதல்முறையாகக் கத்தினார். கட்டு நகர்ந்து, அடங்கியிருந்த ரத்தம் மறுபடி வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, "வுடு மச்சான். நான் காவடி இல்ல" என்றார். அந்த நிலையிலும் தன்னையே அளந்து சொன்னார்.

வெயில் பாறையில் இறங்க ஆரம்பித்தது. நான் தனியாகக் கீழே போய் அக்காவை அழைத்து வந்தாலும் மூன்று மணி நேரம் ஆகும். வந்து அவள் என்ன செய்வாள்? ஆட்கள் வேண்டும். ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட்டால் கொம்பும் கயிறுமாக வந்து நிற்பவர்கள், எட்டு பேர், ஒன்றரை மணி நேரத் தூரத்தில். அடிபட்ட மனிதனுக்காக வரமாட்டார்கள். எதற்காக வருவார்கள் என்று எனக்குத் தெரியும். போனை எடுத்தேன்.

"பாவா, தேருன்னு சொல்லு."

"இன்னாது?"

"என் போன்ல பேசு. ரெக்கார்டு பண்ணி வாட்ஸப்புல அனுப்பறேன். தேரு, எட்டு பேர் வாங்கன்னு சொல்லு. வந்துடுவாங்க."

என்னை வெறித்துப் பார்த்தார். "நீயே சொல்லேன். உனுக்குப் பழக்கந்தான?"

"நான் சொன்னா சிரிப்பாங்க. ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். நீ சொல்லணும்."

"நான் சொல்ல மாட்டேன்."

ஓடைக்குள் சிக்னல் கிடையாது. மேலே டவர் பாறை என்று நாங்கள் சொல்கிற ஒரு பாறை இருக்கிறது, ஏற அரை மணி ஆகும். அங்கேதான் சிக்னல் வரும். அவரை அங்கே ஏற்ற முடியாது. அவர் குரலை மட்டும்தான் என்னால் ஏற்ற முடியும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்பதுதான் சரி. அவர் காலைத் தொட்டேன், தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில், "குடு" என்று போனை வாங்கினார். நான் பட்டனை அழுத்திக் கொடுத்தேன்.

போனை வாய்க்குக் கிட்டே வைத்து நிதானமாகப் பேசினார். "நைனா, பல்லக்கு மாட்டிச்சி. ரெண்டாளு. கம்பியறுத்துகினு போயிடுச்சி. எனுக்கு அடி. யாரும் வரத் தேவையில்ல. அந்த எடத்துல இன்னும் நாலு கம்பி கீது, அப்பால எடுத்துக்கங்க."

நான் அதை அவர் முன்னாலேயே அழித்தேன்.

"ஏண்டா அழிச்ச?"

"நீ சாவறதுக்கு நான் தபால் எடுத்துகினு ஏறணுமா?"

"செத்தா செத்துட்டேன்னு சொல்லு. பொய் சொல்லாம செத்தான்னு சொல்லு."

எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. "அக்காகிட்ட அதத்தான் சொல்றேன். ரெண்டு பொண்ணுங்களும் பசிக்குதுன்னு அழுதா உன் வார்த்தைய வறுத்துப் போடச் சொல்றேன்" என்றேன். அவர் மூத்தவர், எனக்குச் சோறு போட்டவர். அப்படிப் பேசினேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்தேன். கட்டெறும்புகள் வரிசையாக வந்து துணியில் ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன். தட்டத்தட்ட வந்தன. ஒரு கட்டத்தில் தட்டுவதை நிறுத்திவிட்டு அழுதேன். அவர் உதடு வெள்ளையாக இருந்தது. பாட்டிலில் கடைசி வாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தார். ரொம்ப நேரம் கண்ணை மூடியிருந்தார். போய்விட்டாரோ என்று மார்பில் கை வைக்கப் போனபோது, "அத எடு" என்றார்.

எடுத்தேன்.

"நைனா. தேரு. எட்டு பேர் வாங்க. கயிறு, கொம்பு எடுத்துகினு சீக்கிரம் வாங்க."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தடத்தின் முன்னால் குந்திக்கொண்டு சொல்வாரே, அதே குரல். சொல்லி முடித்துப் போனை என் மடியில் போட்டார். "போ. என் மூஞ்சியப் பாக்காத."

டவர் பாறைக்கு எப்படி ஏறினேன் என்று ஞாபகமில்லை. முட்டியெல்லாம் கிழிந்திருந்தது, அதை மறுநாள்தான் பார்த்தேன். மேலே நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். முதலில் ஒற்றை டிக். தூரத்தில் சமவெளி புகை மாதிரித் தெரிந்தது. கீழே ஓடையில் அவர் இருக்கும் இடம் தெரியவில்லை. ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா சூளையில் இருந்தால் போனைச் சட்டையோடு மரத்தில் மாட்டியிருப்பார். சாயங்காலம்தான் எடுப்பார். அப்படியானால் எல்லாம் முடிந்தது. பொய்யும் சொல்லி, செத்தும் போயிருப்பார். பொய் சொல்லவைத்துச் சாகவிட்டேன் என்று ஆகிவிடும். திருத்தணி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடக் கை எழுந்தது. மான் காரியத்துக்கு அவரிடம் என்ன என்று கேட்பது? கையை இறக்கினேன்.

இரண்டு டிக் ஆனது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. பதில் குரலிலேயே வந்தது.

"ஆங். கெளம்பறோம். கண்ணு வெச்சிகினு இரு தம்பி."

பின்னால் ஆட்டோக்காரரின் சிரிப்பு கேட்டது. அவர் எங்கள் கூட்டத்தில் வாய் அடங்காதவர். "தேர்க்காரன் சொல்லலியே? அண்ணந்தான சொல்றாரு? அப்ப நெஜந்தான்."

இறங்கி வந்து பாவாவிடம், "வராங்க" என்றேன். அவர்மேல் நிழல் விழும்படி என் சட்டையை இரண்டு குச்சியில் கட்டினேன். அவ்வப்போது பேச்சுக் கொடுத்தேன். நான் கூப்பிட்டதற்கு ஒரு விரலை மட்டும் அசைத்துக் காட்டினார், அதுவும் சலிப்போடு.

எட்டு பேரும் வந்தார்கள். சவுக்குக் கொம்பு இரண்டு, கயிறு, கோணி, கத்தி. முன்னால் நைனா. ஓடை வளைவைத் திரும்பியதும் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் மேல்சட்டை இல்லாமல் நிற்பது, பாவா கிடப்பது, கல்லில் காய்ந்த ரத்தம். நைனா பாவாவிடம் வரவில்லை. நேராக அறுந்த கம்பியிடம் போய், குந்தி, குளம்புத் தடத்தில் கையை வைத்தார். மூன்று விரல். நான்கு விரல். அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"ரெண்டாளு" என்றார். பிறகு எழுந்து வந்து பாவாவின் மேலே நின்றார். "தம்பி, இதப் போயி தேருன்னியா?"

"நாந்தான் சொல்லச் சொன்னேன் நைனா" என்றேன்.

"உன்ன எவன்டா கேட்டான் தேர்க்காரா? வாய மூடு."

பாவா கண்ணைத் திறந்தார். "பொய் சொன்னேன் நைனா. ரெண்டாளுதான். அதுவும் போயிடுச்சி. நீங்க போறதுன்னா போங்க. தப்பில்ல."

இரண்டு பேர் அந்த நொடியே கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வந்த வழியில் நடந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய கேஸில் ஏழு மாதம் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள். மற்ற ஐந்து பேரும் நைனாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் என் பாவாவைப் பார்த்தார். அவர் போய்விட்டால் எனக்கு அடுத்த வழி எதுவும் இல்லை. கத்தியைப் பிடுங்கி அவர் கழுத்தில் வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

"என்ன இந்த வயசுல இவ்ளோ ஒசரம் ஏற வெச்சிட்டான்" என்றார் நைனா. "வெறுந்தோளோட எறங்கனா ஊர்ல சிரிப்பான். கொம்பப் போடுங்கடா."

கோணியைப் பிரித்துக் கொம்பில் கட்டினார்கள். மிருகத்துக்குப் போடும் அதே முடிச்சுகள். அவரை அதில் கிடத்தியபோது கால் தொங்கியது. அந்தக் காலை நான் தனியாகக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே நடந்தேன். ஐம்பதடிக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். சரிவுப் பாறையில் முன்னால் இரண்டு பேர் தாங்க, பின்னால் கயிற்றைப் பிடித்து மூன்று பேர் உட்கார்ந்தபடி நகர, நான் காலோடு தவழ, இடுப்பொடிந்தது. ஆறு பேரும் நானுமாக ஏழு பேரும் போதவில்லை.

"அண்ணா, தூங்கிடாத" என்று ஆட்டோக்காரர் பேசிக்கொண்டே வந்தார். "தூங்கனா வெயிட்டிங் சார்ஜு போட்டுடுவேன். இன்னா கனம்! அக்கா ஆட்டுக்கறியா ஆக்கிப் போடுது? எட்டு பேர் வாங்கன்னு அண்ணன் சொன்னது சரிதான் நைனா. ஆளு கணக்குல பொய் சொல்லலியே."

எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். நைனாகூட உதட்டை இழுத்தார். கோணிக்குள்ளிருந்து பாவா முனகினார். "ரெண்டாளுதான்."

"சரிண்ணா, ரெண்டாளுதான். நீ தூங்காத."

அதற்குப் பிறகு நெடுந்தூரம் அவர் பேசவில்லை. ஓரிடத்தில் நைனா நிறுத்தச் சொல்லி அவர் காது மடலைக் கிள்ளினார். அசைவில்லை. இன்னும் பலமாகக் கிள்ளினார். புருவம் சுளித்தது. "நடங்க" என்றார்.

பாதை முடியும் இடத்தில் ஆட்டோ நின்றிருந்தது. மற்றவர்கள் அங்கேயே கலைந்துவிட்டார்கள், கொம்பையும் கயிற்றையும் கரும்புத் தோட்டத்துக்குள் எறிந்துவிட்டு. நான், நைனா, ஆட்டோக்காரர் மூவரும் திருத்தணி போனோம். ஆஸ்பத்திரியில் மாடு முட்டியது என்றோம். காயத்தைப் பார்த்த நர்ஸ், "எந்த ஊரு மாடு இவ்ளோ ஆழமா முட்டும்?" என்றார்.

"ஆந்திரா மாடுங்க" என்றார் ஆட்டோக்காரர். "செவலை. சந்தையில வாங்கனது. அந்தாளு சொல்லாம வித்துட்டான்."

நர்ஸ் அவரையும், என் வெறும் உடம்பையும், நைனாவின் தோளில் கொம்பு அழுந்திய தடத்தையும் பார்த்தார். எழுதிக்கொண்டார். முதல் உதவி செய்து திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்கள். முழங்கால் மட்டும் அதன் பிறகு மடங்கவில்லை.

பாவா வீட்டுக்கு வந்த மறுநாள் நைனா வந்தார். அவரோடு ஏதோ பேசிவிட்டு, வெளியே குழாயடியில் நின்ற என்னிடம் வந்தார்.

"நீ போயிடு" என்றார். "அவன் உயிரு பொழச்சது உன்னால தான். இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் பொய்ய அவன் வாயில வெச்சவனும் நீ. நீ இங்க நிக்கறவரிக்கும் அவனுக்கு அது ஆறாது."

உள்ளே போய்ப் பையை எடுத்தேன். பாவா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எத்தனை நாள் இந்த வாட்டி என்று கேட்பாரோ என்று வாசலில் கொஞ்சம் நின்றேன். கேட்கவில்லை. அக்கா பஸ் வரைக்கும் வந்தாள். அழுதாள், ஆனால் இருக்கச் சொல்லவில்லை. திருத்தணியில் ரயில் ஏறினேன். மணவூர் தாண்டுகிறவரை நின்றுகொண்டே போனேன், உட்கார இடமிருந்தும்.

இப்போது நான் வேறொரு ஊரில், ஒரு மரக்கடையில் லோடு ஏற்றுகிறேன். எந்தக் கட்டையைப் பார்த்தாலும் எத்தனை தோள் என்றுதான் மனது முதலில் எண்ணுகிறது. அந்தக் குரல் இருந்த போன் மழையில் நனைந்து செத்துவிட்டது. நல்லதுதான். இருந்திருந்தால் கேட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

அக்கா அவ்வப்போது பேசுவாள். போன வாரமும் பேசினாள். பாவாவால் மலையேற முடியாது என்பதால் தடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்களாம், பக்கத்தில் அளவுக்கு ஒரு தீப்பெட்டி வைத்து. இப்போதும் அவரைத்தான் கேட்கிறார்களாம். ஆனால் அவர் சொன்ன பிறகு இன்னொருவனும் போய் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆள் அனுப்புகிறார்களாம். அது பாவாவுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

"ஒரு வார்த்த சொல்றதுக்கு எத்தினி வாட்டிடா அழிச்சி அழிச்சிப் பேசுவாரு?" என்றாள் அக்கா. "காவடின்னு சொல்லுவாரு. போட்டுக் கேப்பாரு. அழிச்சிடுவாரு. மறுபடியும் காவடின்னுவாரு. நைட்டு சோறு ஆறிப்போவுது. பைத்தியமாடா புடிச்சிருக்கு அவருக்கு?"

இல்லை என்றேன். பக்கத்தில் இருந்தால் போனைக் கொடு என்றேன். அவள் கொடுக்கப் போனது கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு அக்காவே திரும்ப வந்து, "தூங்கறாருடா" என்றாள்.

சரி என்றேன்.